கோயில் கிணற்றுத் தண்ணீர்

கச்சாய்க் கரையில் வெயில் ஏறுகிறது. பற்றரி மோட்டார் நடுவழியில் நின்றுபோனதால், தடியூன்றியே தோணியைக் கரைசேர்த்த உதயகலாவின் உள்ளங்கைகள் கொப்புளம் உடைந்து எரிகின்றன. பிடித்த இறால் நாறத் தொடங்கிவிட்டது. “பற்றரிக்கு என்ன தண்ணி விட்டனீங்கள்?” என்று கேட்கிறாள். கேத்திலில் தேத்தண்ணி கொண்டுவந்த கணவன் அருட்செல்வன் சிரிக்கிறான். “கோயில் கிணத்துத் தண்ணி. ஊரிலையே நல்ல தண்ணி எல்லே?” அவள் கேத்திலைப் பறித்துத் தோணி விளிம்பில் ஓங்கி அடிக்கிறாள். தேத்தண்ணியோடு, உள்ளே படிந்திருந்த சுண்ணாம்பு வெள்ளைத் தகடுகளாக உதிர்ந்து சிதறுகிறது. “இதுவும் அந்தத் தண்ணிதான்! பற்றரிக்குள்ளையும் இப்ப இதுதான் கிடக்குது. கடையிலை விக்கிற பற்றரித் தண்ணி விடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?” தடியை அவன் நெஞ்சோடு தள்ளுகிறாள். “மிச்ச வலை கடலுக்குள்ளை கிடக்குது. போய் இழுங்கோ.” தடியை எங்கே பிடிப்பதென்று தெரியாமல் அவன் நிற்கிறான், அவள் பிடித்த இடமெல்லாம் இரத்தத்தால் சிவந்திருக்கிறது.