யாருக்கு அந்தப் பத்து நிமிஷம்?

திரையில் தெரிந்த வரியை மோகன்ராஜ் இரண்டு முறை படித்தார். நாளைக்கு வரிசையில் நிற்பது ஒரே ஒரு வேலை. நேரம், எட்டு நாற்பது. போட்டது ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் கீதாஞ்சலி.

எட்டரை அல்லவா இருக்க வேண்டும்?

மண்ணரையில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர். எட்டரைக்கு வருகைப்பதிவு பூட்டிக்கொள்ளும். அப்புறம் கார்டு தேய்த்தால் சிவப்பு விளக்கு, அரை நாள் சம்பளம் போச்சு. அவர் போட்ட சட்டம். ஷிப்டு அடிக்கடி மாறுவதால், மறுநாள் பூட்டும் நேரத்தை ஒரே ஒரு தடவை ஓடும் வேலையாக லினக்ஸ் சர்வரில் முந்தின சாயங்காலமே போட்டு வைப்பாள் கீதாஞ்சலி. வரிசையைப் பார்க்க ஏடிக்யூ, வேண்டாததைத் தூக்க ஏடிஆர்எம் என்று இரண்டு கட்டளைகள். சர்வர் மாட்ட வந்தவர் மோகன்ராஜுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்.

பத்து நிமிஷம் யாருக்கு? செக்கிங் பிரிவில் இருக்கிற அவளுடைய சின்னம்மா மகள் சித்ரகலாவுக்கா?

டீ குடித்துவிட்டு வந்த கீதாஞ்சலியிடம் பேச்சுவாக்கில் கேட்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் பூட்டுது, கண்ணு?"

"எட்டரைக்குத்தானுங்க சார்." தலை நிமிரவில்லை.

அது போதும் அவருக்கு. நாளையோடு அவளை ஊட்டுக்கு அனுப்பிவிடுவதாக முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னார். அவள் கிளம்பியதும் எட்டு நாற்பதைத் தூக்கிவிட்டு எட்டரையைப் போட்டார். காலையில் சிவப்பில் மாட்டுகிற ஒருத்தரையும் விடாமல் பேர் எழுதி வைக்கும்படி வாட்ச்மேன் அப்புசாமியிடம் சொன்னார். கூட்டாளி யாரென்று அப்போது தெரிந்துவிடுமே.

மறுநாள் காலை, படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவைத் துடைத்துவிட்டு, இன்சுலின் போட்டு, இட்லி ஊட்டிவிட்டு, வழக்கம்போல வண்டியை விரட்டிக்கொண்டு வந்தார். கார்டைத் தேய்த்தார்.

சிவப்பு.

அம்மா படுத்த இந்த மூன்று மாதமும் ஒருநாள் தவறாமல் பச்சை எரிந்த கார்டு. மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி தேய்த்தார். மறுபடியும் சிவப்பு. அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு முப்பத்தேழு.

"யார் யாரு மாட்டுனாங்க?"

அப்புசாமி சீட்டை நீட்டினார். வெறும் தாள். சித்ரகலா எட்டுக்கே வந்துவிட்டாளாம்; மற்றவர்களும் எட்டேகாலுக்குள் உள்ளே போய்விட்டார்களாம்.

அப்புசாமி பேனா மூடியைக் கழற்றினார். எழுதாமல் நின்றார்.

"ஏனுங்க சார், உங்க பேரை எழுதறதுங்களா?"