மூன்றாவது ஆள்

தபால் ஆபீஸில் முப்பது வருஷம் ஒன்றாக முத்திரை குத்தியவர்கள் நாங்கள் மூவரும். ரேடியோ என்று நாங்கள் கூப்பிடுகிறவள் ஓயாமல் பேசுவாள், இன்னொருத்தி சிடுமூஞ்சி, பட்டப்பேரிலேயே தெரியும். அவர்கள் இரண்டு பேர், நான் ஒருத்தி, எப்போதுமே அப்படித்தான். பெரிய நகரத்தைப் பார்க்கச் சேர்ந்து வந்திருந்தோம். காலையில் கடைவீதி, மத்தியானம் ஓவியக்கூடம்.

"படத்தை முழுங்கப் போறியாடி? நாங்க கீழே இருக்கோம், வா" என்று இருவரும் இறங்கிப் போனார்கள்.

கால் மணி நேரம் கழித்து நான் இறங்கினேன். அவர்களைக் காணோம். காவலாளி என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்னம்மா, இப்பத்தானே மூணு பேரும் டாக்ஸியில ஏறினீங்க? எதையாவது மறந்துட்டீங்களா?"

ரேடியோவுக்குப் போன் போட்டேன். இரண்டு பேரும் பதறிப்போய்த் திரும்பி வருவார்கள் என்று கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது.

"பக்கத்துல உக்காந்துக்கிட்டு எதுக்குடி போன் பண்றே?"

"நான் இங்க வாசல்ல நிக்கிறேண்டி. வண்டியைத் திருப்பச் சொல்லு."

ரேடியோ சிரித்தாள். சிடுமூஞ்சியே சிரித்தாள். கூடவே மூன்றாவதாக ஒரு சிரிப்பு. அப்படி வாய்விட்டுச் சிரிக்க எனக்கு வராது. ஆனால் குரல் என்னுடையதுதான்.

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தாண்டி நீ கலகலன்னு இருக்கே. இப்படியே இருடி" என்றாள் ரேடியோ.

நான் வாயைத் திறப்பதற்குள், அந்தப் பக்கத்திலிருந்து என் குரல் "சரிடி" என்றது.