மூன்றாவது தடவை

"எங்க அப்பா ஸ்வீடன், அம்மா ஈரான். ரெண்டு ஊர் வழக்கமும் எனக்கு அத்துப்படி. நான் விஞ்ஞானியானதுக்கே அதுதான் காரணம்!"

ஸ்வீடனின் உப்சாலா நகரப் பள்ளி ஒன்றில் டாக்டர் பர்வானே ஒரு மணி நேரம் பேசி முடித்தபோது பசி வயிற்றைக் கிள்ளியது. தட்டில் ஒரே ஒரு பன்தான் மிச்சமிருந்தது. கடைசியாக இருப்பதை எடுக்க அந்த ஊரில் யாருக்கும் கை வராது.

பொன்னிற முடிக்கார மாணவி தூவா தட்டை நீட்டினாள். "எடுத்துக்குங்க, பர்வானே."

"ஐயோ, வேண்டாம்மா."

அம்மா வீட்டுப் பழக்கம் அது. இரண்டு தடவை மறுத்துவிட்டு, மூன்றாவது தடவைதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"பரவாயில்ல, எடுத்துக்குங்க."

"சேச்சே, நீ சாப்பிடு."

பர்வானேயின் கை தயாராக இருந்தது. தூவாவோ பன்னை எடுத்து ஒரே கடியில் பாதியாக்கினாள்.

சுத்த ஸ்வீடன்காரப் பெண், இதற்கு என்ன தெரியும்! பர்வானே அசடு வழியச் சிரித்தார்.

"எங்க அம்மா ஊர்ல மூணு தடவை கேப்பாங்க."

"தெரியுமே, எங்க அம்மாவும் ஈரான்தான்!" என்றாள் தூவா, வாய் நிறைய பன்னோடு. "அதனாலதான் ரெண்டோட நிறுத்திக்கிட்டேன்."