மறுமனு

"சுபா இருந்தா ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடுவா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள் காமாக்ஷி.

ராஜகோபாலனுக்கு லேப்டாப் மேல் இருந்த கோபம் மகள் மேல் திரும்பியது.

"இதே ஊர்ல, லோதி ரோடுலதானே இருக்கா? ஒன்பது வருஷமா 'ஆத்துக்கு வரட்டுமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டாளா? அத்தனை திமிர்!"

ஆன்லைன் பாராயணத்துக்கு இன்னும் பத்து நிமிஷம்தான். திரையில் துவாரகா காலனி மாமிகள் எல்லாரும் பளிச்சென்று தெரிய, இவர்கள் கட்டம் மட்டும் ஒரே கறுப்பு.

எதிர் ஃப்ளாட் ஜ்யோத்ஸ்னா வந்து பார்த்தாள்.

"அங்கிள், ப்ரவுசர் கேமரா வேணும்னு கேட்டப்போ 'பிளாக்' அழுத்திட்டீங்க."

"ஆமா, போன வாரம். முப்பத்தாறு வருஷம் மினிஸ்ட்ரியிலே குப்பை கொட்டினவன் நான். எந்த மனு வந்தாலும் முதல்லே 'இல்லை'ன்னு எழுதிடுவேன். நெஜமா வேணும்னா மறுபடி மனு போடுவான். இது போடலையே!"

"போடாது அங்கிள். ஒரு தடவை வேண்டாம்னா ப்ரவுசர் ஞாபகம் வெச்சுக்கும். மறுபடி கேட்டுத் தொந்தரவு பண்ணாது. நாமேதான் உள்ளே போய் மாத்தணும்."

"அதுக்குக் கோபமாடி கொழந்தே?" என்றாள் காமாக்ஷி.

"அரே ஆன்ட்டி! கோபமெல்லாம் இல்லை. நீங்க சொன்ன வார்த்தைக்கு மரியாதை."

காமாக்ஷிக்கு உடம்பு சிலிர்த்தது. உயிரில்லாத பெட்டிக்கு இத்தனை பண்பா! ஸ்வாமி முன்னால் நிற்பதுபோல் கை தானாகக் குவிந்தது.

ஜ்யோத்ஸ்னா திரையின் மேல்மூலையில் எதையோ தொட்டாள். கறுப்புக் கட்டம் கண் திறந்தது. அதில் இரண்டு நரைத்த தலைகள்.

அவள் போனதும் பாராயணம் தொடங்கியது. காமாக்ஷி திரும்பிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலி காலி. ராஜகோபாலன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கே கெளம்பிட்டேள்?"

"லோதி ரோடு."

கதவைத் திறந்தவர் நிலைப்படியையே பார்த்தபடி நின்றார்.

"இங்கேதானேடி நின்னா, டேவிட்சனையும் அழைச்சுண்டு, மாலையும் கழுத்துமா? 'உள்ளே வரலாமாப்பா'ன்னு கேட்டா. நான் வழக்கம்போல முதல்லே 'இல்லை'ன்னேன்..."

நிலைப்படியைத் தாண்டி வெளியே கால் வைத்தார்.

"மறுபடி கேப்பா, கேப்பான்னு ஒன்பது வருஷமா காத்துண்டிருக்கேன் காமாக்ஷி."