பற்ற வைத்தால்தான் சாவி

“முதல்ல இந்த அடுப்பைப் பத்த வைங்க. அப்புறம்தான் சாவி,” என்றார் குடில்காரர்.

அவருடைய வாடகை மரக்குடில் மலைக்கு மேலே, காட்டுக்குள் இருந்தது. வண்டி போகாது, நடந்துதான் ஏற வேண்டும். கரண்ட் கிடையாது, போன் சிக்னல் கிடையாது. குளிருக்கு ஒரே துணை, மூலையில் நிற்கும் இரும்பு விறகடுப்பு. அதே மாதிரி இன்னோர் அடுப்பை அடிவாரத்தில் தன் ஆபீஸ் அறையில் வைத்திருந்தார். தங்க வருகிறவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் அதைப் பற்ற வைத்துக் காட்ட வேண்டும். முடியாதவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார். அக்கம்பக்கத்தில் அவருக்கு ‘அடுப்பு வாத்தியார்’ என்றே பெயர்.

அன்று வந்திருந்தவர்கள் ஐம்பதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும்.

“இவ்வளவுதானே?” அந்த அம்மாள் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

உதவி செய்யலாமே என்று கணவர் ஒரு விறகை எடுக்கக் குனிந்தார்.

“தள்ளுங்க, உங்களுக்கு இங்க என்ன வே...” என்று ஆரம்பித்தவள், என்ன நினைத்தாளோ, பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

நல்ல பெரிய கட்டைகளாகப் பார்த்து அடுக்கித் தீக்குச்சியைக் காட்டினாள். கட்டை கறுத்ததே தவிர எரிகிற வழியாக இல்லை.

“அம்மா, இது திருகினா எரியுற கேஸ் அடுப்பு இல்ல,” என்றார் குடில்காரர். “பால் குடிக்கிற குழந்தை கையில கரும்பைக் குடுத்தா கடிக்குமா? முதல்ல சிராய், அப்புறம் சுள்ளி, அதுக்கப்புறம்தான் கட்டை.”

இரண்டாவது முறை சிராய் பிடித்துக்கொண்டது. ஆனால் புகை மொத்தமும் அறைக்குள்ளேயே சுருண்டு வந்தது. கண்ணும் மூக்கும் ஒழுக இருமித் தீர்த்தாள்.

“புகைக்குழாய் மூடியைத் திறக்க வேண்டாமா? அது எந்த வழியாப் போகும், பாவம்!” குடில்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டார். “ஏம்மா இந்தப் பாடு? பக்கத்துலயே நல்ல ஹோட்டல் இருக்கு, ஹீட்டர் இருக்கு. போய் நிம்மதியாத் தூங்குங்க.”

“எனக்கு அந்தக் குடில்தான் வேணும். இன்னிக்கே வேணும்.”

“சரியாப் போச்சு! நான் கொடாக்கண்டன்னா நீங்க விடாக்கண்டனா இருக்கீங்களே!”

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். மூடியைத் திறந்தாள். சிராயைக் கூடு மாதிரி வைத்து, மேலே சுள்ளியைப் பரப்பி, குச்சியைக் கிழித்தாள். இந்த முறை தீ பிடித்து, சடசடவென்று மேலே ஏறியது.

“அப்படிப் போடுங்க!” குடில்காரர் கைதட்டிவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து நீட்டினார். “இந்தாங்க. இருட்டுறதுக்குள்ள ஏறிடுங்க.”

அவள் வாங்கவில்லை. “இவர் இன்னும் பத்த வைக்கலையே.”

“அதான் நீங்க பத்த வச்சுட்டீங்களே! ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாப் போதும்மா.”

“போதாது. நான் காய்ச்சல்ல படுத்துட்டா? இவர் தனியா மாட்டிக்கிட்டா?” எரிந்துகொண்டிருந்ததை இடுக்கியால் எடுத்துச் சாம்பல் வாளியில் போட்டாள். “வாங்க, வந்து உட்காருங்க.”

கணவர் வந்து உட்கார்ந்தார்.

“பரீட்சை வைக்கிற எனக்கே இவ்வளவு கண்டிப்பு கிடையாது சார்!” என்றார் குடில்காரர். “வீட்ல ஏதாவது சமைச்சுப் பழக்கமா?”

“வெந்நீர்கூட வச்சதில்லீங்க,” என்றார் அவர், தலை நிமிராமல்.

“எங்க வீட்ல சமையல் முழுக்க நான்தான். நீங்க கொடுத்து வச்சவர் சார்!”

சொல்லிவிட்டுக் குடில்காரர் மட்டும்தான் சிரித்தார்.

கணவர் சிராயை அடுக்கிவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சி ஒடிந்தது. இன்னொன்று பற்றி, விரலைச் சுட்டு, அணைந்தது.

“முடியல. விட்டுடு. வா, போயிடலாம்.”

“முடியும். அடுத்த குச்சியை எடுங்க.” அவள் குரல் கொஞ்சமும் இளகவில்லை. “சிராயை இவ்வளவு நெருக்கமா வைக்காதீங்க. காத்து போக இடம் விடுங்க.”

பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாளே தவிர, அவள் ஒரு சுள்ளியைக்கூடத் தொடவில்லை. வெளியே வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. குடில்காரருக்கே பாவமாகப் போய்விட்டது. கடைசியில் ஒரு சுள்ளி பிடித்தது, அது அடுத்ததைப் பிடித்தது, அடுப்பு எரிந்தது. கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னமெல்லாம் ஈரமாகிவிட்டது.

“புகைதான் சார். ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும்,” என்று தோளைத் தட்டினார் குடில்காரர்.

சாவியைக் கொடுக்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

“கோவிச்சுக்காதீங்கம்மா. முன்னெல்லாம் நான் இப்படிக் கேட்டதே இல்ல. போன பனிக்காலத்துல ஒரு பையன் தனியா வந்து தங்கினான். ஏறுற வழியில மழையில நல்லா நனைஞ்சுட்டான் போல. உள்ள விறகு இருந்துச்சு, தீப்பெட்டி இருந்துச்சு. பெட்டி பூரா கிழிச்சுப் போட்டிருக்கான், அடுப்பு பத்தல. காலையில நான் போனப்போ விறைச்சுக் கிடந்தான். பெத்தவங்க ஆஸ்பத்திரிக்கே வந்து உடம்பை வாங்கிட்டுப் போயிட்டாங்களாம், நான் அவங்க முகத்தக்கூடப் பார்க்கல. வளர்ந்த பிள்ளைக்கு ஒரு அடுப்பைப் பத்த வைக்கக்கூடவா சொல்லித் தர மாட்டாங்க? இன்னிக்கும் எனக்கு மனசு ஆறல.”

அந்த அம்மாள் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

“பசிக்குதும்மான்னு அடுப்படிக்கு வந்தாக்கூட, ‘ஆம்பளைப் பிள்ளைக்கு இங்க என்ன வேலை’ன்னு அவனைத் துரத்தி விட்டவ நான்தாங்க.”