காகிதப்பூவும் கோபமும்

யார் முதலில் பேச்சை நிறுத்தியது என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. மனைவியைக் கேட்டால் நான்தான் என்பாள்.

மாமியார் கொடுத்த காகிதப்பூச் செடி, எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பூக்கவில்லை.

“மாசக் கடைசியில அம்மா வராங்க. ஒரு பூகூட இல்லன்னா என் மானமே போயிடும். இன்னொரு குடம் ஊத்துங்கன்னா கேக்கறீங்களா?”

“உங்கம்மா செடிதானே, நீயே ஊத்து. இனி அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்.”

“நானும்தான்!”

வீடு அமைதியானது.

மாமியார் வந்த அன்று செடியில் இலையே தெரியவில்லை, அத்தனை பூ! நான் உருகிப்போனேன்.

“திருடி, எனக்குத் தெரியாம தண்ணி ஊத்தினியா?”

“ஐயோ, நீங்கதான்னுல்ல நினைச்சேன்!”

மாமியார் சிரித்தார். “ரெண்டு பேருமே ஊத்தலையா? அதான் பூத்திருக்கு. மண்ணு காஞ்சாத்தான் இது பூக்கும்.”

மாமியார் ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் சமாதானமாகிவிட்டோம். செடி பூக்காதபோது மட்டும் சண்டை போட்டுக்கொள்கிறோம்.