ராய்ஸுக்கு முதுகுவலி

ராய்ஸ் ஸ்டக்கிக்கு முதுகுவலி கிடையாது. மூன்று பேர் சேர்ந்து தூக்கும் மீன்பிடிப் படகை ஒற்றை ஆளாக வண்டியில் ஏற்றுகிற முதுகு அது. ஆனால் இன்னும் சற்று நேரத்தில் அது வலித்தே ஆக வேண்டும்.

கணினித் திரையில் டாக்டர் வரப்போகிறார். அவரை நம்பவைத்துவிட்டால் கஞ்சாவைச் சட்டப்படியே வைத்துக்கொள்ள ஓக்லஹோமா மாநில அரசே மருத்துவக் கஞ்சா கார்டு தரும். இல்லாவிட்டால் வம்புதான். வண்டியில் கஞ்சாப் பொட்டலத்தோடு ஏற்கெனவே ஒரு தடவை மாட்டியிருந்தான். அடுத்த தடவை உள்ளே தள்ளிவிடுவதாக ஷெரீஃப் கறாராகச் சொல்லியிருந்தார்.

யோசனை மனைவி டார்லீனுடையது. டாக்டருக்குப் பணம் கட்டியது, பக்கத்து வீட்டு வெண்டலிடம் கழுத்துவலிக்காரர்கள் போடும் கழுத்துப்பட்டையை இரவல் வாங்கியது எல்லாம் அவளே. கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று ராய்ஸ் பெரிய மனதோடு பாராட்டினான்.

"எங்க, முனகு பாக்கலாம்" என்றாள் டார்லீன்.

"ம்ம்ம்..."

"யோவ், இது பசிக்கு முனகுற மாதிரி இருக்கு. ராத்திரி என் முட்டி வலிக்கறப்ப நான் எப்படி முனகுறேன்? அப்படி!"

அவளுடைய முட்டிவலி நிஜம். கோழிக்கறி ஆலையில் நாள் முழுக்க நின்றபடியே எலும்பு நீக்குகிற வேலை.

"அப்ப நீயும் ஒரு கார்டு வாங்கிக்கயேன். நீ நடிக்கக்கூட வேணாம்."

"எனக்கெதுக்கு? பழகிப்போச்சு."

போன கோடையில் குடித்துவிட்டு மீன்பிடிக்கப் போன இடத்தில் ராய்ஸின் கைத்துப்பாக்கி ஏரியில் விழுந்துவிட்டது. அதிலிருந்து, ரொட்டி கருகினாலும் பீர் தீர்ந்துபோனாலும் ஒரே வசனம்தான். "துப்பாக்கி மட்டும் கையில இருந்தா இந்நேரம் உன்னப் புதைச்சிருப்பேன்டி!" நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். டார்லீனும் சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக. சனிக்கிழமை சம்பளம் வந்ததும் வாங்குவதற்குக் கடையில் புதிதாக ஒன்றைப் பார்த்தும் வைத்துவிட்டான்.

டாக்டர் திரையில் வந்தார். காருக்குள் உட்கார்ந்து பர்கர் தின்றுகொண்டிருந்தார்.

"எங்க வலி?"

"ஐயோ டாக்டர், அத எப்படிச் சொல்றது..."

"முதுகா?"

"ஆமா, ஆனா..."

"சரி, குடுத்துடலாம். உடம்பப் பாத்துக்குங்க."

திரை அணைந்தது. ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த முனகல் அப்படியே வீணாய்ப்போனது. கழுத்துப்பட்டையைக்கூட அந்த மனிதர் கவனிக்கவில்லை. ராய்ஸுக்கு அப்போதுதான் உண்மையிலேயே வலித்தது.

கார்டு தபாலில் வந்தது. டார்லீன் அதைத் தன் கையாலேயே அவனுடைய பர்ஸில், ஓட்டுநர் உரிமத்துக்கு மேலாக, வெளியே தெரிகிற மாதிரி செருகிவைத்தாள்.

"ஷெரீஃப் நிறுத்தினா முதல்ல இதுதான் கண்ணுல படணும்."

என்ன ஒரு பொறுப்பு! ராய்ஸ் நெகிழ்ந்தே போனான்.

சனிக்கிழமை துப்பாக்கிக் கடைக்காரர் ஹாலிஸ் அடையாள அட்டை கேட்டார். ராய்ஸ் பர்ஸைத் திறந்து தோரணையாக நீட்டினான். ஹாலிஸ் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"முடியாதுப்பா. கஞ்சா கார்டு வெச்சிருக்கறவனுக்குத் துப்பாக்கி வித்தா என் கடைக்கு சீல் வெச்சிடுவாங்க."

"என்னய்யா உளர்ற? இது அரசாங்கம் குடுத்த கார்டு!"

"குடுத்தது மாநிலம். துப்பாக்கிச் சட்டம் வாஷிங்டன்ல இருக்கற மத்திய அரசாங்கத்துக்காரனோடது. அவன் சட்டத்துல கஞ்சா இன்னமும் குத்தம், அவனுக்கு நீ வெறும் கஞ்சா அடிக்கிற ஆளு. இது என் கண்ணுல படாம இருந்தா வேற விஷயம். பட்டுடுச்சே!"

ராய்ஸின் முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது.

"இந்தக் கார்டே வேணாம், திருப்பிக் குடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் நான் பாத்துவெச்ச துப்பாக்கிய யாருக்கும் வித்துடாத" என்று கண்ணாடி அலமாரியைப் பார்த்தான். அந்த இடம் காலியாக இருந்தது.

"அதுவா? நேத்தே உன் வீட்டுக்காரி வாங்கிட்டுப் போயிட்டாளே. அவகிட்டதான் கார்டு கிடையாதே!" என்றார் ஹாலிஸ்.